காற்று யாழ்: வாவிக்கரைப் பதிவு

காற்று யாழ் என்றால் கை படாமல் காற்றே நரம்பை மீட்டும் பெட்டி. நான் செய்த புதிய பெட்டி நன்றாகப் பாடுகிறது. அதைவிடப் பெரிய சந்தோஷம், அந்தப் பாட்டைக் காற்றின் இரைச்சல் இல்லாமல் பதிந்தும் எடுத்துவிட்டேன்.

பெட்டியின் நீளம் 90 சென்ரிமீற்றர். அடியும் பக்கங்களும் மலைவேம்பு, மேலே 3 மில்லிமீற்றர் பிளைவுட். இரு முனையிலும் நரம்பைத் தாங்க வன்மரத்தில் குதிரை, முறுக்குவதற்குப் பழைய கிற்றாரில் கழற்றிய ஆணிகள். நரம்புக்குத் தங்கூசிதான், மீன்பிடிக்கிற நைலோன் இழை. ஆறு நரம்பும் 0.4 முதல் 1 மில்லிமீற்றர் வரை வேறு வேறு தடிப்பு, சுதி மட்டும் ஒன்று. பலகை சீவித் தந்த ஓடாவியார், “என்ன மனே, எல்லாம் ஒரே சத்தமா இருந்தா பாட்டு எப்பிடி வரும்?” என்றார். சரியான கேள்வி.

காற்று நரம்பைத் தாண்டும்போது அதன் பின்னால் சின்னச் சுழிகள் மேலும் கீழுமாக மாறிமாறிக் கழன்றுபோகும். ஒவ்வொன்றும் நரம்பைக் கொஞ்சம் தள்ளும். ஸ்ட்ரூகால் என்ற செக் பௌதிகவியலாளர் 1878இல் இதை ஆராய்ந்தார். காற்றின் வேகத்தை நரம்பின் தடிப்பால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால், செக்கனுக்கு எத்தனை சுழி என்று ஏறத்தாழ வந்துவிடும். செக்கனுக்கு 5 மீற்றர் காற்றில் அரை மில்லிமீற்றர் நரம்புக்கு 2000, ஒரு மில்லிமீற்றருக்கு 1000. என் நரம்புகளின் அடிச்சுதி 100 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அதனால் காதில் விழுவது அடிச்சுதி அல்ல, அதன் மடங்குகளான மேற்சுரங்கள். தடிப்பு வேறானதால் ஒரே காற்றில் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு மேற்சுரத்தைப் பிடிக்கும். அடிச்சுதி ஒன்றானதால் அவை இழைந்து நிற்கும்.

மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரையில் பின்னேரக் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அலையும் சவுக்கு மரங்களும் சேர்ந்து இரைகின்றன. வாவிப் பக்கம்தான் வாய்ப்பு. கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து நீர்ப்பரப்பைக் கடந்து உடையாமல் வருகிறது. மதிலிலும் மரத்திலும் மோதிக் குழம்பிய காற்றுக்கு நரம்பு வாய் திறக்காது.

அப்புறம் மைக். போன் மைக்குக்குப் பஞ்சு உறை போட்டாலும் ‘புறுபுறு’ சத்தம் போகவில்லை. நரம்பைப் பாடவைக்கும் காற்றுத்தானே மைக்கிலும் அடிக்கிறது! நம்மூர் வாவியில் தண்ணீருக்குள் இருந்து வரும் ‘பாடும்மீன்’ சத்தத்தைக் கேட்கப் போகிறவர்கள் நிலாக் காலத்தில் தோணியில் இருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். சத்தம் மரத்தின் வழியே ஏறிவரும். எனக்கு வேண்டியதும் அதுதான். அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ தட்டை மேற்பலகையின் உட்பக்கம், குதிரைக்கு அருகில் ஒட்டினேன். அதை நேரே ரெக்கோடரில் செருகினால் கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடும். நடுவில் ஒரு மெகா ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள சிறு முன்பெருக்கி வேண்டும். அதைப் போட்டதும் ஒலி நிறைந்துவிட்டது.

ஹெட்போனில் கேட்டால் காற்று ஏறுவது படிப்படியாகத் தெரிகிறது. வழுக்கிக்கொண்டு போகாமல், சுரம் ஒரு மேற்சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. நடுவில் அடிச்சுதியின் ஏழு மடங்கான மேற்சுரம் வரும். ஆர்மோனியத்தின் எந்த விசையிலும் சரியாக அகப்படாதது. அதற்காகவே காத்திருக்கலாம். பெட்டியில் காகம் வந்து இருந்தால் அதன் நகம் பலகையில் கீறுவதும் அப்படியே பதிகிறது. அந்தத் துண்டை நான் வெட்டப் போவதில்லை.

மாரி மழை தொடங்கினால் பிளைவுட் ஊதிவிடும். அதற்குள் மற்றக் குதிரைப் பக்கமும் ஒரு பீசோ ஒட்டி, இடம் வலம் பிரித்துப் பதிந்து பார்க்க வேண்டும். தட்டு வாங்கியாயிற்று, ஈயம் பற்றவைக்கிற வேலைதான் மிச்சம்.