தரங்கம்பாடிப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தேன்

மூன்று மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். பாடத்தில் வரும் குடும்பப் பெயர்களுக்குப் பொருள் எழுதி வைக்க ஆரம்பித்து, இப்போது அதற்கென்றே ஒரு நோட்டு. ம்யூலர் மாவு ஆலைக்காரர், ஃபிஷர் மீனவர், வேபர் நெசவாளர் என முதல் பக்கங்கள் சுலபமாகப் போயின.

இந்த வாரம் நமக்கு ஏற்கெனவே பழக்கமான ஜெர்மானியர்களை எடுத்துக்கொண்டேன்: தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார்கள். முதலில், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு. அவர்கள் ஊர் உச்சரிப்பில் 'ட்சீகன்பால்க்'. 'ட்சீகெ' என்றால் ஆடு, 'பால்க்' உரித்தெடுத்த தோல். ஆட்டுத்தோல்! சின்ன வயதிலிருந்து கேட்ட பெயருக்குள் இப்படி ஒரு பொருள் இருந்ததே என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. தொழிலில் புழங்கும் பொருளே ஆளுக்குப் பெயராவது அங்கே உண்டு. ஆணி செய்யும் கொல்லருக்கு நாகெல், அதாவது ஆணி.

அடுத்து, சீகன்பால்கு முடிக்காமல் விட்ட தமிழ் பைபிளை முடித்த ஷுல்ட்சே. இங்கேதான் தப்பு செய்தேன். அகராதியில் 'ஷுல்ட்' என்றால் கடன் என்று இருந்தது. 'கடன்பட்டவர்' என்று எழுதிவிட்டேன். அப்புறம் பழைய வடிவத்தைத் தேடினால் 'ஷுல்ட்ஹைஸ்' கிடைத்தது: செலுத்த வேண்டியதைச் செலுத்தும்படி ஊராருக்கு உத்தரவிடுபவர். கடன்பட்டவர் இல்லை, வசூலிப்பவர். நம் ஊர் மணியக்காரர் மாதிரி. அந்த வரியை அடித்துத் திருத்தினேன். இன்றைய அகராதியை மட்டும் நம்பிப் பெயரைப் பிரிக்கக் கூடாது.

ஃபாப்ரிசியஸ் ஜெர்மன் அகராதியிலேயே இல்லை. 1779இல் சென்னை வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதி அச்சிட்டவர் அவர். லத்தீனில் 'ஃபாபெர்' என்றால் கைவினைஞர், கொல்லர். 16ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனுக்கு மாற்றிக்கொண்டபோது, ஷ்மிட் என்ற கொல்லர் பெயர்தான் பெரும்பாலும் இப்படி ஆனது. தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் எளிது, கறுப்பு. முடியையோ நிறத்தையோ பார்த்து வைத்தது.

இப்போது குயவர் பெயர்களைச் சேர்க்கிறேன். தெற்கே ஹாஃப்னர், கிழக்கே ட்யோப்ஃபர். ஃபாப்ரிசியஸ் பிறந்த ஹெஸ்ஸன் பக்கம் ஆய்லர். பானைக்கான லத்தீன் சொல் 'ஓலா'விலிருந்து வந்தது. ஒரே சக்கரம், ஒரே களிமண், ஊருக்கு ஒரு பெயர். நோட்டில் ஒரு வரைபடம் ஒட்டி, இந்த மூன்றையும் பென்சிலால் குறித்திருக்கிறேன். வடக்குப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.