அப்பா போன பிறகு அம்மாவோடு அலுவலகங்களுக்கு

அப்பா 2023 செப்டம்பரில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலேயே இறந்தார். டிமென்ஷியா என்னும் மறதிநோய் என்று மருத்துவர் சொல்லி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசி ஓராண்டில் என்னைத் தன் தம்பி என்றும், அக்காவைத் தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஆசிரியை என்றும் நினைத்துக்கொண்டுதான் பேசுவார். அதனால் துக்கம் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் "அவருக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை" என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த ஒவ்வொரு முறையும் அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார் என்பதைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அக்கா சொல்லித்தான் நான் அறிந்தேன்.

வீட்டில் நேர்ந்த இறப்பு என்பதால், பார்த்துவந்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டியிருந்தது. சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குள் போனதால் வந்த நிமோனியா என்பதை உடனடிக் காரணமாகவும், டிமென்ஷியாவை அதற்கு அடிப்படையாகவும் அவர் எழுதினார். 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. நாங்கள் நான்காம் நாளே மாநகராட்சி அலுவலகத்தில் பதிந்துவிட்டோம். கையில் கிடைத்த சான்றிதழில் நாள், இடம், பெயர் எல்லாம் இருந்தன. இறப்பின் காரணத்தை அதில் அச்சிடக் கூடாது என்பது சட்டம். நல்ல ஏற்பாடுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த ஆறு வருஷம் இதில் எங்கேயுமே இல்லையே" என்றார்.

அதன் பிறகு நான் செய்ததைத்தான் இன்று தவறு என்று நினைக்கிறேன். ஆறு ஆண்டுகள் தூங்காத மனுஷி கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று எண்ணி, வாரிசுச் சான்றிதழ், ஓய்வூதியம், வங்கி என்று எல்லாக் காகிதங்களையும் ஒரே பையில் போட்டு நானே தூக்கிக்கொண்டு அலைந்தேன். அம்மாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கினேன். அப்பா இரவில் எழுந்து வெளியே போய்விடாமல் இருக்க வாசல் தாழ்ப்பாளில் மாட்டுக் கழுத்து மணி ஒன்றைக் கட்டியிருந்தோம். அதை நான் அவிழ்த்து எடுத்த பிறகும் அம்மா இரவு இரண்டு மணிக்கு விழித்து, கூடத்துக்கு வந்து விளக்கைப் போட்டு, கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார். பகலில் செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர்தான் ஓய்வு.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருந்தோம். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைத் தாண்டி வட்டாட்சியரிடம் போக வேண்டும். விசாரணைக்கு வீட்டுக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அவர், "நீங்க இருங்க சார், அம்மா சொல்லட்டும்" என்றார். அம்மா கல்யாணமான ஆண்டில் தொடங்கி, அப்பா எந்தெந்த ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்த்தார், அக்கா எங்கே பிறந்தாள், நான் எங்கே பிறந்தேன் என்று அரை மணி நேரம் சொன்னார். விசாரணைக்கு அதில் கால் பங்குகூடத் தேவைப்பட்டிருக்காது. அந்த மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளே பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஓய்வூதியத்தைக் கவனிக்கும் சார்நிலைக் கருவூலத்துக்கு அவரே வந்தார். இறந்த நாள் வரைதான் அப்பாவின் ஓய்வூதியம், மறுநாளிலிருந்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் என்பதால், இறப்பைத் தெரிவிக்கும் முன்பே கணக்கில் விழுந்திருந்த கூடுதல் தொகையைத் திருப்ப வேண்டியிருந்தது. ஏடிஎம் அட்டை கையில் இருக்கிறதே என்று எடுத்துச் செலவழிக்காமல் இருந்தது நல்லதாயிற்று. ஓய்வூதியக் கொடுப்பாணைப் புத்தகத்தில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து ஆதாரிலிருந்து மாறியிருந்தது. அதைச் சரிசெய்ய ஆன இரண்டு மாதமும் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் காகிதம் பாக்கி என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் மனப்பாடம்.

வங்கியில் பட்ட பாடு வேறு. அப்பாவின் பெயரில் மட்டும் இருந்த வைப்புத்தொகைக்கு நாமினி இல்லை. நோய் முற்றியபின் கையெழுத்து ஒத்துவராததால் அவர் உயிரோடு இருந்தபோதும் அதைத் தொட முடியவில்லை. இறந்த பின் முதலில் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள், மூன்று முறை போய்ப் பேசிய பிறகு வாரிசுச் சான்றிதழும் எங்கள் மூவரின் உறுதிமொழிப் பத்திரமும் போதும் என்றார்கள். அப்பாவுக்காக நாங்கள் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது என்று சித்தப்பா சொன்னார். அதுவும் சரியில்லை: எழுதிக் கொடுத்தவரின் மனம் நிலைதவறினால் அந்தப் பத்திரம் செல்லாமல் போய்விடும் என்று வழக்கறிஞர் விளக்கினார். நோய் தெரிந்த முதல் ஆண்டில், அப்பாவே தெளிவாகப் பேசிக் கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருந்தபோது, கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றி நாமினியையும் பதிந்திருக்க வேண்டும். அப்போது அதைப் பேசுவது அவரை இப்போதே வழியனுப்புவது போலிருக்கும் என்று நாங்கள் மூவருமே தயங்கினோம்.

இரவு விழிப்பு அம்மாவுக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் கூடத்தில் விளக்கு எரிகிறது. நானும் எழுந்து போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். அப்பா நோய்க்கு முன்பு எப்படி இருந்தார் என்பதை அந்த நேரத்தில்தான் அம்மா பேசுகிறார்.

இந்த ஆண்டு உயிர்வாழ் சான்றிதழுக்கு, தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாயில் கைரேகை வைத்து முடித்துத் தருவார் என்று அம்மாவிடம் சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், கருவூலத்துக்கே போய்விட்டு, வரும்போது கடைத்தெருவில் காப்பிப்பொடி அரைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றார்.