ஏ.ஆர்.டி.எஸ். கேள்வி வந்தால் வகுத்தல் கணக்கை முதலில் போடுங்கள்

எம்.டி. பொது மருத்துவத் தேர்வு முடிவு வந்து, தேறியும்விட்டேன். ஆகவே, ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரலில் நீர் கோத்து ஆக்சிஜன் திடீரெனக் குறையும் கடும் மூச்சுக்கோளாறு) பற்றிய கேள்வியை எப்படி எதிர்கொள்வது என்று நினைவு மங்குமுன் எழுதிவைக்கிறேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் ஒரு மார்பு எக்ஸ்ரேயையும் ஏ.பி.ஜி. (தமனி இரத்த வாயுச் சோதனை) தாளையும் மேசைமேல் தள்ளிவைத்தார். இரு நுரையீரல்களிலும் வெண்படலம்; தமனி ஆக்சிஜன் அழுத்தம் 68, எஃப்.ஐ.ஓ.2 (உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) 0.8, பீப் (மூச்சு விட்டு முடித்தபின்னும் கருவி நுரையீரலில் தக்கவைக்கும் அழுத்தம்) 8. படத்தை வருணிக்காமல் 68-ஐ 0.8-ஆல் வகுத்து, "பி/எஃப் விகிதம் 85, பீப் 5-க்குக் குறையாததால் இதைக் கடுமையான வகை என்று சொல்லலாம், ஆனால் காலமும் காரணமும் தெரிய வேண்டும்" என்றேன். அதன்பின் அவர் குரலே மாறிவிட்டது. கடுமையான வகைக்கு விகிதம் 100 அல்லது அதற்குக் கீழ் என்ற எல்லை எல்லோருக்கும் மனப்பாடம்; பீப் மதிப்பைச் சேர்த்துச் சொல்பவர்கள்தாம் குறைவு.

நான் பணம் கட்டி வாங்கிய பயிற்சிக் குறிப்புகளில் 1994-ஆம் ஆண்டு வரையறையே இருந்தது என்பதை இன்றும் எரிச்சலோடுதான் நினைக்கிறேன். 2012-இன் பெர்லின் வரையறை வந்தபோதே ஆப்பு அழுத்தம் (இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தைக் காட்டும் அளவு) 18-ஐத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனை போய்விட்டது. 2023-இன் உலகளாவிய வரையறை, நிமிடத்துக்கு 30 லிட்டருக்குக் குறையாத உயர் ஓட்ட ஆக்சிஜனில் இருப்பவரையும் உள்ளே சேர்க்கிறது.

காரணங்களை இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம்.

நேரடி: நிமோனியா, இரைப்பைப் பொருள் புரையேறுதல், நீரில் மூழ்குதல், புகை, மார்புக் காயம்.
மறைமுகம்: செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை), கணைய அழற்சி, பெருங்காயம், இரத்தம் ஏற்றுதல்.

நம் வார்டுகளுக்கு இது போதாது. ஸ்க்ரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்), எலிக்காய்ச்சல், மலேரியா, பாராகுவாட் என்ற களைக்கொல்லி நஞ்சு ஆகியவற்றை நீங்களாகவே சொல்லுங்கள். காய்ச்சலோடு வந்தவர் என்றால் அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஸ்க்ரப் டைபஸின் அடையாளமான, சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரும்பொருக்கைத் தேடியதாகச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அது தென்பட்டால் அந்த நோய்க்கான டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்கும் முடிவு எளிதாகிவிடும்; தென்படாவிட்டாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் தொடங்கலாம்.

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) கட்டாயமா என்பது தேர்வாளர்களுக்குப் பிடித்தமான பொறி. தெளிவான தூண்டுகாரணம் ஒரு வாரத்துக்குள் இருந்தால் வரையறை அதைக் கட்டாயமாக்கவில்லை. இல்லாவிட்டால் இதயச் செயலிழப்பை எக்கோ போன்ற புறநிலைச் சோதனையால் விலக்கியாக வேண்டும். என்னைப்போல் எதையும் சந்தேகிப்பவர்கள் இரண்டு நிலையிலும் எக்கோ கேட்பார்கள், அதில் தவறில்லை.

காரணமே பிடிபடாதபோது நுரையீரல் இரத்தக்கசிவையும் திடீர் இயோசினோஃபிலிக் நிமோனியாவையும் (இயோசினோஃபில் என்ற வெள்ளையணு நுரையீரலில் குவிவது) சொல்லி, நோயாளி தாங்குவார் என்றால் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய் உள்நோக்கி) வழியாக நுரையீரல் கழுவுநீர் எடுப்பேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கழுவுநீர் அணுக்களில் 25 விழுக்காட்டுக்கு மேல் இயோசினோஃபில் இருந்தால் ஸ்டீராய்டுக்கு வேகமாகத் தெளியும் நோயாளி அவர்.