ஊற்றிய ஆயில் திரும்பி வந்தது

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையிலிருந்து கீழே வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு இறக்கும் பிக்கப் அது. காட்ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு அந்த வண்டி வந்தால், எட்டிப் பார்க்கவே வேண்டாம், வாசனையே சொல்லிவிடும். அன்றைக்கு டிரைவர் அண்ணன் இறங்கும்போதே கையில் பிரேக் ஆயில் பாட்டில்.

"தம்பி, மீட்டர்ல செவப்பு லைட்டு எரியுது. எறக்கத்துல மட்டுந்தான். கீழ வந்தா அணைஞ்சிருது. இதக் கொஞ்சம் ஊத்தி விடு, லோடு எறக்கணும்."

பானெட்டைத் திறந்தேன். டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. வண்டி மூக்கைக் குத்தி இறங்கும்போது ஆயில் ஒரு பக்கம் சாயும், உள்ளே இருக்கும் மிதவை தாழும், லைட் எரியும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஊற்றினேன், அணைந்தது.

"லேசா மிதிச்சா கீச்சுன்னு ஒரு சத்தமும் வருதுப்பா."

வீல் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தது. "தூசியா இருக்கும்ணே" என்று காற்றடித்து அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷ வேலை. காசு கூட வாங்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

நாலாம் நாள் அதே வண்டி. கீச் சத்தம் போய் கரகர சத்தம் வந்திருந்தது, கல்லில் இரும்பைத் தேய்க்கிற மாதிரி. டம் டம் பாறையிலிருந்து இரண்டாவது கியரை விட்டு எடுக்கவே இல்லையாம் அண்ணன். நாலு சக்கரத்திலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். இடது முன் சக்கரம் மட்டும் சுர்ரென்றது.

கழற்றியதும் வெட்கமாகிவிட்டது. வெளிப் பேடு நான் பார்த்தது போலவே நன்றாக இருந்தது. உள் பேடில் உரசிப் பிடிக்கிற லைனிங்கே இல்லை. பின்தகடு நேராக டிஸ்கைக் கடித்து, டிஸ்கின் உள்முகம் உழுத வயல் போலக் கிடந்தது.

இரண்டு பேடையும் டிஸ்கில் இறுக்கும் கவ்விதான் காலிப்பர். இந்த மாதிரி வண்டிகளில் அதன் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அந்த வேகத்தில் காலிப்பர் இரண்டு பின்களில் வழுக்கி வெளிப் பேடை இழுத்து வரும். இதில் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, மலை மழைத் தண்ணீர் புகுந்து, துரு ஏறிப் பூட்டிக்கொண்டது. அப்புறம் உழைப்பு முழுக்க உள் பேடின் தலையில். கீச் சத்தம் போட்டது தூசி இல்லை. பேடு தேய்ந்தால் டிஸ்கில் உரசிச் சத்தம் கொடுக்கத்தான் அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்ததோ வெளிப் பேடு.

லைட் சொன்னதும் இதையேதான். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அது விட்ட இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். பிரேக் ஆயில் குறைந்தால் எங்கேயோ ஒழுக வேண்டும், இல்லை பேடு தேய்ந்திருக்க வேண்டும். இரண்டையும் பார்க்காமல் ஊற்றியவன் நான்.

புதுப் பேடு மாட்ட பிஸ்டன்களை உள்ளே அமுக்கினேன். அன்று ஊற்றிய ஆயில் டப்பாவிலிருந்து பொங்கி வழிந்து பானெட்டுக்கு அடியில் பெயிண்டில் ஓடியது. முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும் என்பது எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். போன வருஷம் உடைத்து, சீட்டுக்கு அடியில் போட்டிருந்ததாம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற ரகத்துப் புது ஆயில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155தான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கிருந்து லோடோடு இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவி கட்டினால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். முழு ஆயிலையும் மாற்றினேன். டிஸ்கின் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும் அளவுக்குக் கீழே போயிருந்ததால் இரண்டு பக்கமும் புதுசு. ஸ்பேர் காசு மட்டும் வாங்கினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பியதும் மஞ்சளாக ஏபிஎஸ் லைட். பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வேலை நின்றுவிடும். ஸ்கேனர் இடது முன் சக்கரத்தின் வேகத்தைப் பார்க்கும் சென்சார் என்றது. சென்சார் கெட்டிருக்கிறது என்று புதுசு போடச் சொல்பவர்கள் உண்டு. நான் குனிந்து பார்த்தேன். வேலையின்போது நானே கழற்றிய சாக்கெட், மாட்டும்போது 'டக்' என்று உட்காரவில்லை. அழுத்தினேன், லைட் போனது.

வண்டி இன்னும் எங்களிடம்தான் வருகிறது. போன மாதம் பானெட்டைத் திறந்த புதுப் பையன், "இந்த எடத்துல மட்டும் ஏண்ணே பெயிண்ட் உரிஞ்சிருக்கு?" என்று கேட்டான். டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டீ சொல்லப் போனார்.