சித்தூர் வீட்டுக்குக் காரியஸ்தர் தேடிய ஐந்து மாதங்கள்

சித்தூர் என்றதும் சென்னையில் உள்ளவர்களுக்கு ஆந்திரத்துச் சித்தூர்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீடு இருப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போனால், கடைப் பலகைகளில் எழுத்து மாறினாலும் கடைக்குள் பேச்சு மாறாத ஊர் அது. அப்பா கட்டிய ஓட்டு வீடு. பின்னால் ஒரு கிணறு, நான்கு தென்னை. அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு சென்னைக்கு அழைத்து வந்துவிட்டேன். பள்ளி ஆசிரியையான எனக்கு விடுமுறைக்கு வெளியே நினைத்தபோது ஊருக்குப் போவது இயலாது. ஆகவே வீட்டை வாடகைக்கு விட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்த வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்பவருக்குக் காரியஸ்தர் என்று பெயர். ஓர் ஓட்டு வீட்டுக்குக் காரியஸ்தரா என்று அம்மாவே சிரித்தார். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பொறுப்பைக் குறிக்க எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

முதல் நான்கு ஆண்டுகள் சித்தப்பா ஒருவர் கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டார். கூலி இல்லாத வேலையைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். தென்னை நான்கிலும் காய் வெட்டிய கணக்கு எனக்கு வந்ததில்லை. அதை நான் பொருட்படுத்தவும் இல்லை. ஆனால் அடுக்களைப் பக்கத்தில் கூரை ஒழுகத் தொடங்கி இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகே எனக்குச் செய்தி வந்தது. "உன்கிட்டச் சொன்னா நீ பதறுவேன்னுதான் சொல்லலைம்மா" என்றார். அவர் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. சுவரில் இறங்கிய ஈரம்தான் அந்த அன்புக்காகக் காத்திருக்கவில்லை.

அடுத்து வந்தவர் ஊரில் உள்ள ஒரு புரோக்கர். குடித்தனக்காரரைக் கொண்டுவந்தால் ஒரு மாத வாடகை அவருக்கு. அதன்பின் மேற்பார்வைக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம் என்றார். இலாபம் என்று நினைத்தேன். மூன்று ஆண்டுகளில் மூன்று குடித்தனம் மாறியது. ஒவ்வொரு பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்போதும் ஆள் மாறினால்தான் அவருக்கு வருமானம் என்பது, மூன்றாவது முறை தரகுப் பணத்தை அனுப்பும்போதே எனக்கு உறைத்தது. அந்த மூன்றாவது குடித்தனம் நால்வர் கொண்ட குடும்பம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவர்கள் வேறிடம் போய், தொழிற்சாலை வேலைக்கு வந்த பதினொரு இளைஞர்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்த செய்தியைப் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார். முன்பணம் 40,000 ரூபாயும் புரோக்கர் கையில் இருந்தது. அதை மூன்று தவணையாக மீட்டேன். 6,000 ரூபாய் வரவே இல்லை. உள்ளாட்சியின் ஹரித கர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக் கழிவை வாங்கிச் செல்வதற்காக மாதந்தோறும் தர வேண்டிய சிறு கட்டணம்கூடப் பல மாதம் பாக்கி.

டிசம்பர் விடுமுறையில் வீட்டைக் காலி செய்து பூட்டிவிட்டு, பாலக்காட்டில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். நான் போனது பழைய பணத்தைப் பற்றிக் கேட்க. ஆனால் பயன்பட்டது அவர் இடையில் சொன்ன வேறொரு செய்தி. கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வீட்டு உரிமையாளர் என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம், பிறர் சார்பில் முகவராக வாடகையைப் பெறுபவரையும் உள்ளடக்கியது. அச்சட்டம் அரசு அறிவித்த பகுதிகளுக்கே பொருந்தும் என்றாலும், அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை எங்கும் ஒன்றுதான் என்றார்: வாடகை எவர் கைக்குப் போகிறதோ அவரையே குடித்தனக்காரர் உரிமையாளராக எண்ணப் பழகிவிடுவார். ஆகவே வாடகையும் முன்பணமும் என் கணக்குக்கு நேரே வர வேண்டும். ஒப்பந்தத்தில் நான்தான் கையெழுத்திட வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) யாருக்கும் எழுதித் தரக்கூடாது. எந்தெந்த வேலைக்கு ஒருவரை அமர்த்துகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் போதும். பதினோரு மாதம் என்ற வழக்கத்தின் காரணத்தையும் அவரே விளக்கினார். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் விதி. அதற்குக் கீழே நிற்கத்தான் பதினொன்று.

அன்று பேருந்தில் திரும்பும்போதுதான் தேடலின் திசை எனக்குத் தெளிவாயிற்று. வாடகை இப்போது கைபேசியிலேயே வந்துவிடுகிறது. வசூலுக்கு ஆள் வேண்டியதில்லை. வீட்டைக் கண்ணால் பார்த்து, பார்த்ததை அன்றே சொல்லும் ஆள்தான் வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நான் வசூலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெரிந்தவர்கள் மூலம் மூவர் கிடைத்தனர். ஒன்று, எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு நிறுவனம். வாடகையில் பத்து விழுக்காடும் அதன்மேல் பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கேட்டார்கள். 9,500 ரூபாய் வாடகைக்கு அது மாதம் 1,121 ரூபாய். இரண்டாமவர் ஓர் இளைஞர். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்பவர். எடுத்த எடுப்பிலேயே பொது அதிகாரப் பத்திரம் வேண்டுமென்றார், அதோடு அவர் பேச்சு முடிந்தது. மூன்றாமவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வீடுகளைப் பார்க்கிறார். மாதம் 800 ரூபாய், புதிய குடித்தனம் பிடித்துத் தந்தால் அரை மாத வாடகை. இந்தக் கூலி எதையும் வருமான வரியில் தனியாகக் கழித்துக்கொள்ள முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 விழுக்காட்டைச் சட்டமே பொதுவாகக் கழித்துத் தருகிறது. நாம் மேற்பார்வைக்குக் கொடுப்பது பத்தானாலும் பத்தாயிரமானாலும் அதற்குள் அடக்கம். நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்து, கணக்கரிடம் சிறு அவமானம் பட்டேன்.

நேரில் பேசினால் எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். எனவே மிஞ்சிய இருவருக்கும் தலைக்கு 500 ரூபாய் தந்து, ஆளுக்கொரு நாள் சாவியைக் கொடுத்து, காலியாகக் கிடக்கும் வீட்டைப் பார்த்து எழுதித் தரும்படி கேட்டேன். ஐந்து மாதத்தில் நான் செய்தவற்றுள் உருப்படியானது இது ஒன்றுதான் என்பேன்.

நிறுவனம் இரண்டே நாளில் நாற்பது படங்களுடன் ஓர் அழகான அறிக்கை அனுப்பியது. ஒவ்வோர் அறைக்கும் நேரே சரி என்று குறியிட்டிருந்தார்கள். கூரையின் அடிப்பக்கம் ஒரு படத்திலும் இல்லை. கிணறு என்ற சொல்லே இல்லை. கூடவே வந்த ஒப்பந்தப் படிவம் இன்னும் வியப்பாக இருந்தது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி அச்சிடப்பட்டது. வாடகை அதிகாரியிடம் பெற்ற பதிவு எண்ணை நிரப்ப ஒரு கட்டம் வேறு. அந்தச் சட்டம் பொள்ளாச்சி வீட்டுக்குப் பொருந்தும்; எல்லையைத் தாண்டினால் செல்லாது. இதைக் குறிப்பிட்டு எழுதியதற்கு, "படிவம் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றுதான் மேடம்" என்று பதில் வந்தது.

லைன்மேனின் அறிக்கை ஒன்பதாம் நாள்தான் வந்தது. வீட்டில் தமிழ் பேசுபவர் என்றாலும் மலையாளப் பள்ளியில் படித்தவர். கோடு போட்ட தாளில் மலையாளத்தில் எழுதி, அதைப் படம் பிடித்து மகள் அனுப்பியிருந்தாள். தமிழ் வழியில் படித்த நான் எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டி ஓட்டித்தான் வாசித்தேன். அவர் எழுதியிருந்தது இது: எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டரின் முள் சுற்றுகிறது, ஆகவே மண்ணுக்கடியில் எங்கோ கசிகிறது. மோட்டாருக்குப் போகும் எர்த் கம்பி அறுந்து கிடக்கிறது. இதைச் சரிசெய்யாமல் எவரையும் குடிவைக்கக் கூடாது. பின்கதவு நிலையில் கரையான் கோடு முழங்கால் உயரம் ஏறியிருக்கிறது. அடுக்களைமேல் மூன்றாவது கழுக்கோலில் (கைமரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) விரிசல். ஏணி வைத்து விரலை விட்டுப் பார்த்தேன், நகம் இறங்குகிறது. நான்காவது தென்னை பக்கத்து வீட்டு மதில் பக்கம் சாய்கிறது, காற்றுக் காலத்துக்குள் பேசி முடிவு செய்யவும். கடைசி வரியில், இந்த மாதம் 62 காய் இருந்தது, வெட்டவில்லை என்றிருந்தது.

உடனே அவரை அமர்த்திவிடவில்லை. அவர் பார்க்கும் ஆறு வீடுகளில் மூன்றின் உரிமையாளர்களிடம் பேசினேன். ஆள் எப்படி என்று கேட்டால் நல்லவர் என்றுதான் வரும். அதனால், உங்கள் வீட்டில் கடைசியாக எது கெட்டது, அது உங்களுக்கு எத்தனை நாளில் தெரிந்தது என்று மட்டும் கேட்டேன். இருவர், அன்றைக்கே என்றனர். மஸ்கட்டில் இருக்கும் மூன்றாமவர் வேறு கதை சொன்னார். வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரரிடம் போய்க் கடுமையாகப் பேச லைன்மேன் மறுத்துவிட்டாராம். "அது உங்க காரியம்" என்று விலகிக்கொண்டாராம். இந்தக் குறை உண்மையானது. மாலை ஏழு மணிக்குமேல் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதும் எல்லாரும் சொன்ன குறை. சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன், கழுக்கோலை அவர் பார்க்கட்டும் என்று துணிந்தேன்.

ஒப்பந்தத்தை எழுத ஏப்ரல் முழுவதும் போயிற்று. தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, ஐயம் வந்தால் மலையாளப் படியே முடிவானது என்று சேர்த்தோம். அங்குள்ள நீதிமன்றத்தில் வாசிக்கப்படப் போவது அதுதானே. 3,000 ரூபாய் வரை அவர் கேட்காமல் செலவு செய்யலாம், பற்றுச்சீட்டு வேண்டும். அதற்கு மேல் என்றால் என்னைக் கேட்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், கூரை ஆகிய மூன்றில் அவசரம் வந்தால் ஆபத்தை நிறுத்தும் அளவுக்கு மட்டும் உடனே செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குடித்தனக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கட்டிட வரி அரையாண்டுக்கு ஒருமுறை வருவதால் அதை நானே இணையத்தில் கட்டிவிடுகிறேன். குடித்தனக்காரரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுப்பது அவர் பொறுப்பு. தென்னையில் பாதி வருமானம் அவருக்கு என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, ஏறுகூலி போக மீதி முழுவதும் உரிமையாளருக்கே என்று திருத்தி அனுப்பினார். யாராவது ஒருவருக்குப் பிடிக்காமற் போனால் ஒரு மாத அறிவிப்பு.

மே மாதத்தில் கசிவும் எர்த் கம்பியும் சரியாயின. மாத இறுதியில் கல்லூரி ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கழுக்கோலை மட்டும், பள்ளி திறந்த பின் பணம் புரட்டிச் செய்யலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

ஜூலையில் பாலக்காட்டுக் கணவாயில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்த ஓர் இரவு, அந்தக் கழுக்கோல் முறிந்து ஓடுகள் சரிந்தன. ஏழு மணிக்குமேல் எடுக்காத தொலைபேசியை அன்று எடுத்திருக்கிறார். மழையிலேயே போய்த் தார்பாய் கட்டியிருக்கிறார். காலை ஆறு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பினார். அன்று எனக்குத் தேர்வு மேற்பார்வை. கைபேசி அலுவலகப் பெட்டியில் கிடந்தது. பகல் ஒன்றரை மணிக்கு நான் பார்த்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. ஆசாரி மறுநாள் வடக்கஞ்சேரி வேலைக்குப் போகிறார், போனால் பத்து நாள் திரும்ப மாட்டார், அதனால் கேட்காமலே தொடங்கிவிட்டேன் என்று குரல் பதிவு இருந்தது. செலவு 6,850 ரூபாய். ஒப்பந்தப்படி தார்பாயோடு அவர் நின்றிருக்க வேண்டும்.

மீறல் மீறல்தான் என்று ஒருபுறமும், பத்து நாள் தார்பாயின்கீழ் ஒரு குடும்பம் சமைத்திருக்குமா என்று மறுபுறமும் அன்று மாலைவரை மனம் ஊசலாடியது. முடிவில் பணத்தை அனுப்பினேன். கூடவே ஒரு வரியும் எழுதினேன்: கூரைச் சேதத்துக்கு மூன்று மணி நேரத்தில் என்னிடமிருந்து பதில் வராவிட்டால் 7,000 ரூபாய் வரை அவரே முடிவு செய்யலாம், இதை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வோம்.

மறுநாள் காலை மகளின் கைபேசியிலிருந்து கணக்கு வந்தது. புதிய ஓடு 40, கழுக்கோல் 1, ஆசாரி கூலி, கையாள் கூலி, தார்பாய். அதன் கீழே, உடையாத பழைய ஓடு 37 கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறது என்றும், அதற்கும் கீழே, "புதுசாச் சேர்த்தது சம்மதம் டீச்சரே, தேங்காய்க் கணக்கு நாளைக்கு" என்றும் இருந்தது.