தனித்தேர்வர்

அம்மாவின் வலது கண்ணில் புரை முற்றிப்போயிருந்தது. 2023 மே மாதம், எங்கள் பகுதி அரிமா சங்கத்தார் நடத்திய கண் சிகிச்சை முகாமுக்கு அவரை அழைத்துப்போனேன். மேசையில் இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டி, "அம்மாவின் விவரங்களை நீங்களே எழுதிவிடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "எழுத்து இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, எதுவரை படித்தீர்கள்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பு என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. தனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கையால் காட்டினார். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர்களுக்கு மாலை வகுப்பு, மாதம் நூறு ரூபாய், வயது வரம்பு இல்லை என்று அதில் இருந்தது.

அரிமா சங்கம் என்றால் கண் முகாம் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 1925-இல் அமெரிக்காவில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டாராம். அன்று முதல் உலகெங்கும் இந்தச் சங்கங்கள் கண் பணியைத் தங்கள் பணியாக வைத்திருக்கின்றன என்று பிறகு வகுப்பில் சொன்னார்கள். அம்மாவுக்குக் கண் தெரிய வேண்டும் என்று போன இடத்தில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. அதனால்தான் இதை முதலிலேயே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது வயது 35. காவேரிப்பட்டினத்துக்கு அருகில் ஒரு கிராமம். 2002-இல் எட்டாம் வகுப்பு முடித்தேன். உயர்நிலைப் பள்ளி நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காலையில் ஒரே ஒரு பஸ். வயதுக்கு வந்த பெண்ணை அந்தக் கூட்டத்தில் அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. அதோடு நின்றது படிப்பு. திருமணமாகி வந்த பிறகு, மாம்பழப் பருவத்தில் மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போனேன். எங்கள் பேச்சில் அது ஜூஸ் கம்பெனி. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். கழுவுவது, தரம் பிரிப்பது, அழுகலை ஒதுக்குவது எல்லாம் பெண்கள்தாம்.

எடைமேடையில் சீட்டு எழுதுபவர் சாப்பிடப் போகும்போது என்னை உட்காரவைத்துவிட்டுப் போவார். இரண்டு பருவம் அப்படி எழுதினேன். ஒரு தவறு வந்ததில்லை. அவர் வேலையை விட்டதும் அந்த இடத்தைக் கேட்டேன். "பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும்" என்றார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவனுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தது நான்தான். தங்கமான பையன், அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கடுத்த மாதமே ஒரு தரகர் வந்தார். பதினெட்டாயிரம் கொடுத்தால் வேறு மாநிலப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும், தேர்வுக்குப் போகவே வேண்டாம் என்றும் சொன்னார். முன்பணத்துக்கு ஐயாயிரத்தைச் சீட்டில் எடுத்தும் வைத்துவிட்டேன். முகாமில் அந்தத் தாளைப் பார்த்திராவிட்டால் அந்தப் பணம் போயிருக்கும், கையில் ஒரு போலித் தாள் இருந்திருக்கும். இதைப் படிப்பவர்கள் யாராவது அப்படி ஒருவரிடம் பணம் கொடுக்க இருந்தால், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியது. சங்கக் கட்டடத்தின் மாடியில் மாலை ஆறரை முதல் எட்டரை வரை. பதினோரு பெண்கள், மூன்று ஆண்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர் எல்லாருக்கும் 'சார்'. ஆங்கிலத்துக்கு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். சங்கத்தின் இளைஞர் பிரிவான லியோ சங்கத்தில் இருப்பவள். எங்களை அவள் அக்கா என்பாள், அவளை நாங்கள் பாப்பா என்போம். பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே அவளிடம் பாடம் கேட்பதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

முதல் நாள் நான் கேட்ட கேள்வி, இவ்வளவு செய்கிறவர்கள் அந்த நூறு ரூபாயை ஏன் வாங்குகிறீர்கள் என்பது. பதினான்கு பேரின் நூறு ரூபாய் விளக்குக்கும் நகல் எடுப்பதற்குமே காணாது. மீதியைச் சங்கத்தார் கையிலிருந்துதான் போடுகிறார்கள். பொருளாளராக இருந்த மருந்துக்கடை அண்ணன் சொன்னார்: "நீங்கள் வராவிட்டால் நாங்கள் கேட்கலாம். நாங்கள் வராவிட்டால் நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் அம்மா இந்த நூறு." செப்டம்பரில் சார் ஒரு வாரம் வராதபோது நான் போய்க் கேட்டேன். காய்ச்சலில் இருந்தார். மறுநாளே வேறொருவரை ஏற்பாடு செய்தார்கள். இலவசமாக இருந்திருந்தால் எனக்குக் கேட்க வாய் வந்திருக்காது. அந்த நூறு ரூபாயை நான் இன்றும் மதிக்கிறேன்.

படிப்பு பிறகு. முதலில் தாள்கள். தனித்தேர்வராக எழுதப் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வேண்டும். என்னிடம் இருந்தது கரையான் அரித்துப்போயிருந்தது. நான் படித்த பள்ளிக்குச் சார் என்னுடன் பஸ்ஸில் வந்தார். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதில் என் பெயர் அப்பாவின் முதலெழுத்தோடு, 'கோ' என்று இருந்தது. ஆதாரில் கணவரின் முதலெழுத்து. பிறந்த ஆண்டு பதிவேட்டில் 1988, ஆதாரில் 1985. ஆதார் எடுக்க வந்தவர்கள் கேட்டபோது மாமியார் குத்துமதிப்பாகச் சொன்னது அது. போதாததற்குப் பதிவேட்டில் தருமபுரி மாவட்டம் என்று இருக்க, கணினியில் பதிகிற பெண், "நீங்கள் தருமபுரியா, கிருஷ்ணகிரியா?" என்று குழம்பினாள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். நான் பள்ளியை விடும்போது நாங்கள் தருமபுரிக்காரர்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, பெயர்தான் மாறியது என்று அவளுக்குச் சார் பொறுமையாக விளக்கினார்.

பள்ளிப் பதிவேட்டில் உள்ளதுதான் மதிப்பெண் சான்றிதழில் வரும். ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டு ஆதாரைத் திருத்த வேண்டும் என்பது சாரின் முடிவு. புதிதாக வாங்கிய மாற்றுச் சான்றிதழைக் காட்டி ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்தினேன். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்தப் பொதுவாக ஒரே ஒரு வாய்ப்புத்தான் என்பதால், ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பேர் படித்துப் பார்த்தோம். இத்தனைக்கும் மூன்று வாரம் ஆயிற்று. நான் தனியாகப் போயிருந்தால் முதல் நாளே திரும்பி வந்திருப்பேன். இந்தப் படிப்பில் என்னைப் போன்றவர்களை மடக்குவது பாடம் அல்ல. ஒவ்வொரு மேசையிலும் தனியாக நிற்பதுதான். தனித்தேர்வர் என்ற சொல்லின் முதல் பாதிதான் அதில் கடினமான பாதி.

நடுவில் ஒரு பயம் வந்தது. அரிமா சங்கங்களுக்கு ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குகிறது. தலைவர், செயலாளர் எல்லாரும் மாறுவார்கள். புதியவர்கள் வேறு திட்டம் எடுத்துக்கொண்டால் வகுப்பு என்ன ஆகும்? பதினான்கு பேரும் பதவியேற்பு விழாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். புதிய தலைவர் எங்களைப் பார்த்துவிட்டு மேடையிலேயே வகுப்பு தொடரும் என்று சொன்னார்.

அடுத்தது அறிவியல் செய்முறை. இதைத் தெரியாமல் ஆண்டையே இழந்தவர்கள் எங்கள் வகுப்பில் இரண்டு பேர் இருந்தார்கள். முதன்முறை எழுதும் தனித்தேர்வர், தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே செய்முறைப் பயிற்சி வகுப்பில் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய் 80 சதவீத வருகையாவது வைத்திருக்க வேண்டும். செய்முறைக்கு 25 மதிப்பெண். அதில் 15 வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 75. அதில் 20 வேண்டும். கூட்டி 35 வராவிட்டாலும் தேர்ச்சி இல்லை.

பயிற்சி வகுப்புக்குப் போன ஒவ்வொரு நாளும் ஒரு நாள் தோட்டக் கூலி போயிற்று. ஆனாலும் அந்த வகுப்பைப் போல எனக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை. ஒருநாள் சோதனைக் குழாயில் நீலப் படிகத்தைப் போட்டுச் சூடாக்கச் சொன்னார்கள். காப்பர் சல்பேட் என்று பலகையில் எழுதியிருந்தது. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, அது மயில்துத்தம். சுண்ணாம்போடு கலந்து மாமரத்துக்கு அடிப்பார்களே, அதே. சூடேற ஏற நீலம் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. அதிலிருந்த தண்ணீர் போனதால் நிறம் போனது என்றார்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நீலம் திரும்பி வந்தது. இத்தனை ஆண்டுகள் வாளி வாளியாகக் கலக்கியிருக்கிறேன், அந்த நீலம் தண்ணீரின் நீலம் என்று யாரும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்து கணவரிடமும் மாமியாரிடமும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணக்கைச் சார் வேறு விதமாகப் பிடித்தார். வினாத்தாளை முதலில் கையில் கொடுத்துவிட்டார். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. கடைசியில் வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாகப் பதினாறு. "இந்த முப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. மீதி ஐந்தை நாம் தேடிக்கொள்ளலாம்" என்றார். ஆகஸ்டு முதல் நாள்தோறும் ஒரு தொடுகோடு, ஒரு வடிவொத்த முக்கோணம், ஒரு வரைபடம். துணி அளந்து வெட்டிப் பழகிய கைகள் எங்களுடையவை. கவராயம் சீக்கிரம் வசப்பட்டது. மீதி ஐந்துக்கு முதல் இயலின் கார்டீசியன் பெருக்கல். இதைக் குறுக்கு வழி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது கைக்கு வந்த தைரியத்தில்தான் மற்ற கணக்குகளைத் தொடவே துணிந்தேன்.

விண்ணப்பிப்பது இருந்த இடத்திலிருந்து முடிகிற காரியம் அல்ல. அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். புகைப்படமும் அங்கேயே எடுப்பார்கள். பதினான்கு பேரும் ஒரே நாளில் போனோம். மருந்துக்கடை அண்ணன் கடையை அடைத்துவிட்டு எங்களோடு வந்து, மாலைவரை வரிசையில் நின்றார்.

2024 மார்ச் 26, தமிழ். கேள்வித்தாளைக் கொடுத்துப் பத்து நிமிடம் படிக்க மட்டும் நேரம் விடுகிறார்கள். எழுதக் கூடாது. பத்து நிமிடம் யாரும் கூப்பிடாமல், எதையும் கேட்காமல், ஒரு தாளை நான் மட்டும் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு பத்து நிமிடம் வாய்த்ததாக நினைவில்லை. எழுதும்போது கண்ணாடி வளையல் தாளில் உரசியது. கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுதினேன்.

மே 10 முடிவு. கணக்கில் 43. அறிவியல், தமிழ், சமூக அறிவியல் தேர்ச்சி. ஆங்கிலம் 31.

நான்கு மதிப்பெண். அழுதேன். அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. பாப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். துணைத் தேர்வு ஜூலை முதல் வாரம், அதுவும் ஆலையில் இரவு பகல் பாராமல் வேலை நடக்கிற காலம். "எனக்கு ஆங்கிலம் ஒரு சொல் கூட ஏறாது பாப்பா" என்றேன். அவள், "எடைச்சீட்டில் என்ன எழுதுவீர்கள் அக்கா?" என்று கேட்டாள். கிராஸ், டேர், நெட் என்றேன். லாரிக்காரர்களுக்கு எப்படி வழி சொல்வீர்கள் என்றாள். லெஃப்ட், ரைட், ஸ்ட்ரெயிட், ரிவர்ஸ். "இது ஆங்கிலம் இல்லாமல் வேறு என்ன?" என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதினாள். அறுபத்திரண்டு சொற்கள் வந்தன. அவற்றை வைத்தே வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொடுத்தாள். வழிகாட்டும் கேள்விக்கு, காவேரிப்பட்டினம் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் ஆலைக்கு வரும் வழியைப் பத்து முறை எழுதவைத்தாள். தேர்வன்று என் இரவு வேலையை உடன் வேலை செய்கிற இரண்டு அக்காக்கள் பாதி பாதியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

38 வந்தது.

மதிப்பெண் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் 'கோ' இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. படிப்பை நிறுத்தியவரும் அவர்தான், சான்றிதழில் என்னோடு நிற்பவரும் அவர்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டேன். அடுத்த பருவத்தில் எடைமேடைச் சீட்டு என் கையில் வந்தது. அந்தப் பையன் இப்போது அலுவலகத்துக்குள் போய்விட்டான்.

எங்களில் ஒன்பது பேர் தேர்ச்சி. இரண்டு பேர் இன்னும் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேர் இடையில் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவரைக் கணவர் அனுப்பவில்லை. அவர் வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பேசினோம், பயனில்லை. மறுபடியும் போவோம்.

இந்த ஆண்டு வகுப்பில் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். அவர் படித்த பள்ளியை வேறொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். பழைய பதிவேடு எங்கே போனது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். சாருக்கு இப்போது முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை. திங்கட்கிழமை அந்தப் பெண்ணோடு நான் போகிறேன்.