நெட் வர ஃபர்ம்வேர், ஃபர்ம்வேர் வர நெட்

போன வாரம் பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "ரொம்ப இழுக்குது தம்பி, வேற ஏதாச்சும் போட்டுக் குடு" என்றார். எனக்குப் பிடித்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். வைஃபை மட்டும் வரவில்லை.

கீழ்மூடியைக் கழற்றினால், தூசிக்கு நடுவே தீப்பெட்டி அளவில் வைஃபை கார்டு. அது ஓட ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஏற்றும் சின்ன மென்பொருள், வேண்டும். டெபியன்காரர்கள் 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத (யாரும் தாராளமாகப் பார்த்து, மாற்றி, பகிர விடாத) ஃபர்ம்வேரையும் நிறுவல் வட்டில் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தச் சிப்பைச் செய்தவர்கள் மறுவிநியோக உரிமையே தரவில்லை. ஆகவே வட்டில் அது இருக்காது. நெட்டிலிருந்து இறக்கித்தரும் சின்னப் பேக்கேஜ்தான் உண்டு. என் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங் போட்டு (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து), அந்தப் பேக்கேஜ் இருக்கும் 'காண்ட்ரிப்' என்ற டெபியன் களஞ்சியப் பகுதியைச் சேர்த்து நிறுவினேன். ரீபூட் செய்ததும் வைஃபை விளக்கு எரிந்தது.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் என்றால் வேறு கதை. காப்புரிமை காரணமாக எச்.264 என்ற பரவலான வகை வீடியோவுக்கான முழு வசதி அதில் வராது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். லினக்ஸ் மின்ட்டில் நிறுவும்போதே ஒரு டிக் போட்டால், வீடியோ ஓடத் தேவையான கோடெக் வந்துவிடும். வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் எனக்கு டெபியன்தான். எது கட்டற்றது, எது இல்லை என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கிறார்களே, அந்த நேர்மை எனக்கு முக்கியம். அண்ணனிடமும் அதைச் சொன்னேன். "அப்ப கார்டை மாத்திடலாமா?" என்று கேட்டார். கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் கேட்காத கார்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.